கடைசி வரிக்கு வைத்த பொட்டு

நான் முதன்முதலாக ஓட்டுப் போட்ட தொகுதி இப்போது இல்லை. ஊர் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் குறைச்சல் இல்லை. திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி என்ற ஒன்றுதான் இல்லை. மறுவரையறை என்று சொல்லி யாரோ எங்கேயோ ஒரு வரைபடத்தை விரித்துப் புதுக்கோடு போட்டார்கள். செஞ்சியும் மேல்மலையனூரும் ஆரணித் தொகுதிக்குப் போயின. திண்டிவனமும் வானூரும் விழுப்புரம் என்ற புதுத் தொகுதிக்கு வந்தன. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நாலு பக்கத்துக்கு மனு எழுதியிருப்பேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை போலிருக்கிறது.

என் மனைவி காணைப் பக்கத்துப் பெண். கல்யாணமான புதிதில், உன்னைத் தொகுதி விட்டுத் தொகுதி கூட்டிக்கொண்டு வந்தவன் நான் என்று பெருமையடித்துக்கொள்வேன். புதுக்கோடு வந்த பிறகு காணையும் நாங்களும் ஒரே தொகுதி, அதற்குப் பெயரும் விழுப்புரம் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"நான் எங்க வந்தேன்? ஊரோட சேத்து நீங்கதான் எங்க பக்கம் வந்துட்டீங்க" என்றாள்.

இன்றைக்கும் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பினால், "ஆரணிக்கா போறீங்க?" என்று வாசலில் நின்று கேட்பாள். அவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

பழைய தொகுதி இருந்ததற்கு எங்கள் ஊரில் மிஞ்சிய ஒரே சாட்சி ஒரு பஸ் நிறுத்தம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில், கிளியனூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மூன்று பக்கம் சுவர், உள்ளே ஒரு சிமென்ட் பெஞ்சு, மேலே கல்நார் ஷீட்டு. அதற்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. மனு டைப் அடிப்பது, ஆதாருக்கு விண்ணப்பம் போடுவது, யார் எங்கே போகிறார்கள் என்று பார்ப்பது ஆகிய மூன்றும் என் தொழில். மூன்றாவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

அந்த நிறுத்தத்தில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். பஸ் நின்றதும் ஜன்னல் ஜன்னலாகத் தட்டை நீட்டுவாள். பஸ் இல்லாத நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலம் மடிப்பாள். நிறுத்தம் அரசாங்கத்துடையது என்று அதிகாரிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது அவளுடையது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் அதைக் கேட்டு வாங்கியவளே அவள்தான், வாங்கிய விதத்தை நான் கண்ணால் பார்த்தவன்.

திண்டிவனம் தொகுதி உயிரோடு இருந்த காலம் அது. அப்போது நிழற்குடை கிடையாது, அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம். வேட்பாளர் திறந்த ஜீப்பில் வந்தார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையாக நின்றார்கள். முதல் தட்டு அக்காவுடையது. சுற்றி முடித்ததும் அவர் பொட்டு வைத்துக்கொள்ளக் குனிந்தார். அக்கா அவர் நெற்றியில் கட்டைவிரலை வைத்தாள், வைத்தவள் எடுக்கவில்லை.

"ஐயா, அந்தப் புளியமரத்தக் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

தலையைத் திருப்ப முடியாததால் அவர் கண்ணை மட்டும் அந்தப் பக்கம் ஓட்டினார்.

"மழ வந்தா அதுக்கடியிலதான் அல்லாரும் நிக்கிறோம். ஒரு இடி வுழுந்தா உங்களுக்கு ஓட்டுப் போட ஆளிருக்காது. ஒரு நெழற்கொட கட்டிக் குடுங்க."

"கட்டிடலாம்மா."

"கட்டிடலாம்னு சொல்லாதீங்க. கட்டறேன்னு சொல்லுங்க."

பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. வேட்பாளர் வளைந்த முதுகோடு, "கட்டறேம்மா" என்றார். அதற்குப் பிறகுதான் விரல் வந்தது. அந்தத் தேர்தலில் அவர் ஜெயித்தது அந்தப் பொட்டினால் என்று நான் சொல்ல மாட்டேன், அக்கா சொல்வாள். சொன்னபடி கட்டிக் கொடுத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திறப்பு விழா முடிந்து மாலை போட்டவர்களும் போட்டுக்கொண்டவர்களும் போனபிறகு அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் கடை வைத்த புதிது. உள்சுவரில் மஞ்சள் அடித்து அதன்மேல் நீலப் பெயிண்டில் ஐந்து வரி எழுதியிருந்தார்கள்.

"இன்னா எழுதிக்கீது, படி" என்றாள்.

படித்தேன். பயணியர் நிழற்குடை. திண்டிவனம் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. பிறகு உறுப்பினர் பெயர், அதற்குக் கீழே அதிகாரிகள் பெயர். ஒவ்வொரு வரிக்கும் அவள் தலையாட்டினாள். ஐந்தாவது வரிக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது. ஐந்தாவது வரியில் இருந்தது ஒப்பந்ததாரர் பெயர். நான் படித்தது வேறு.

"கேட்டு வாங்கியவர், இவ்வூர் மல்லாட்டை வியாபாரி அக்கா" என்று படித்தேன்.

அவள் இடுப்பிலிருந்து துணியை எடுத்து அந்த வரியை மட்டும் ஒருமுறை துடைத்தாள். எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். ஒரு நல்ல பொய்யைச் செலவில்லாமல் சொல்லிவிட்டேன் என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

"அவங்களுக்குத் தெரிஞ்சா மூஞ்சிய எங்க வெச்சிக்குவீங்க?" என்றாள்.

அந்த வருஷ ஆயுத பூசைக்கு அக்கா தராசுக்குப் பொட்டு வைத்தாள், அடுப்புக்குப் பொட்டு வைத்தாள், அப்படியே எழுந்து வந்து ஐந்தாவது வரிக்கு நடுவில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். அடுத்த வருஷமும் வைத்தாள், அதற்கடுத்த வருஷமும். ஒருமுறை அந்த ஒப்பந்ததாரரே அந்த வழியாக வந்தவர், தன் பெயருக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருப்பதைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார். இந்த ஊர் ஜனங்களுக்கு விசுவாசம் ஜாஸ்தி என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்காவிடம் மூன்று பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். நான் ஜெராக்ஸ் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேப்பர் சிக்கியிருக்கிறதா என்று தேடினேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை கிளம்பியிருக்கிறேன். சாலையைத் தாண்டுவதற்குள் தைரியம் போய்விடும்.

இடையில் தொகுதி போனது. சாலையை அகலமாக்கியபோது புளியமரமும் போனது. கடைசியில் ஒரு புயல் வந்து நிழற்குடையின் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போனது. சுவரும் பெஞ்சும் மேலே இரும்புச் சட்டமும் மட்டும் மிச்சம். அக்கா தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம் தலை சுற்றி, தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போனோம். வெயிலில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதுச்சேரியில் இருக்கிற மகன் வந்து, வியாபாரத்தை விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான்.

அவன் போனபிறகு அக்கா கடைக்கு வந்தாள்.

"மூணாவது மாடிப்பா. ஜன்னலத் தொறந்தா பக்கத்து வூட்டு சொவுரு. அங்க போய்க்கினு நான் யாருகிட்ட பேசறது?" என்றாள். "கத்திரி வெயிலுக்கு முன்னாடி கூர போட்டா இருக்கேன். இல்லன்னா மூட்டையக் கட்டிக்கினு போறேன். மனு எழுது."

எழுதினேன். பதில் வந்தது. மேற்படி நிழற்குடை திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி நிதியில் கட்டப்பட்டதால் எங்கள் பதிவேட்டில் இல்லை, உரிய தொகுதியை அணுகவும் என்று இருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், நாளைக்கு நான் அங்கே போய் நிற்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் உரிய தொகுதியையே அணுகினேன். மாண்புமிகு திண்டிவனம் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு என்று விலாசம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அது ஊர் சுற்றிவிட்டு, அப்படி ஒருவர் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்த உறையையும் வைத்து இன்னொரு மனு போட்டேன். அதற்குப் பதிலே இல்லை. செத்துப்போன தொகுதிக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க எங்கே விண்ணப்பிப்பது என்று என் தொழிலில் எனக்கே தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் தேர்தல் அறிவித்தார்கள். அறிவித்தவுடன் நடத்தை விதி வந்துவிடும். தலைவர்கள் பெயர் எங்கே எழுதியிருந்தாலும் மூட வேண்டும், சிலை இருந்தால் துணி சுற்ற வேண்டும். எங்கள் பக்கத்துக்கு வந்த பறக்கும் படைக்கு ஒரு தாசில்தார் பொறுப்பு. ஜீப்பிலிருந்து இறங்கினார், கூரையில்லாத நிறுத்தத்தைப் பார்த்தார், சுவரில் இருந்த பெயரைப் பார்த்தார், வெள்ளைத்தாளை ஒட்டச் சொன்னார்.

நான் சாலையைத் தாண்டிப் போனேன்.

"சார், அந்தத் தொகுதியே இப்ப இல்ல. யாரு ஓட்டு இதுல மாறப்போவுது?"

"பேரு இருக்குல்ல? பேரு இருந்தா மூடணும். ஆர்டர்" என்றார்.

மைதாப் பசை தடவி ஐந்து வரியையும் மூடினார்கள். மேலே கூரை இல்லை, பங்குனி வெயில் நேரே சுவரில் அடித்தது. சாயங்காலத்துக்குள் பசை காய்ந்து தாள் சுருண்டது. லாரி போகிற காற்றில் பாதி பறந்தது. மீதியை ஓர் ஆடு தின்றது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது.

விதிமீறலைப் போட்டோ எடுத்து அனுப்பினால் உடனே ஆள் வருகிற மாதிரி செல்போனில் ஒரு வசதி இருக்கிறது. கூரைக்காக நான் அனுப்பிய மனுக்களுக்கு மாதக்கணக்கில் ஆள் வரவில்லை. இந்தப் பெயருக்கு எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் பார்க்கலாம் என்று போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. தாசில்தார் இறங்கினார், புதுத்தாள் ஒட்டினார், போனார். இரண்டு நாளில் அதுவும் விழுந்தது. மறுபடி போட்டோ, மறுபடி ஜீப்.

தாளை உரித்தது வெயிலும் காற்றும் ஆடும்தான். அதற்கு மேல் யாராவது கை வைத்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நாட்களில் நான் நாற்காலியைக் கடையின் உள்சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்காமல் நான் இருந்த ஒரே வாரம் அதுதான்.

நாலாவது தடவை வந்தபோது தாசில்தார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு பொட்டலத்தை நீட்டினாள். தேர்தல் சமயத்தில் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்று மறுத்தார்.

"இந்த ஒரு சொவுத்தால ரொம்ப பேஜாராப் போச்சும்மா. எந்தப் பசையும் நிக்க மாட்டேங்குது" என்றார்.

"வெயிலு நேரா அடிச்சா எந்தப் பசைதான் நிக்கும்?" என்றாள் அக்கா. மேலே பார்த்தாள். அவரும் மேலே பார்த்தார். வெறும் சட்டத்துக்கு மேலே வானம் இருந்தது.

பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் எங்கள் ஊர் வாக்குச்சாவடி. வரிசையில் நிற்கிறவர்களுக்கு நிழல் போட வேண்டும் என்று அங்கே தகர ஷீட்டுகள் வந்து இறங்கியிருந்தன. மறுநாள் அதில் ஆறு ஷீட்டுகள் சாலையோரம் நடந்து வந்து நிழற்குடையின் சட்டத்தில் ஏறிக்கொண்டன. வாக்காளர்களுக்குக் கூடுதல் நிழல் வசதி என்று எழுதிக்கொண்டார்களாம். எழுதியது தப்பில்லை, அக்காவும் வாக்காளர்தானே. கத்திரி பிறக்கக் கொஞ்ச நாள் இருந்தது.

கூரை வந்த நிமிஷத்திலிருந்து அந்தத் தாள் அசையவே இல்லை. அதுவரை ஆடு என்று ஒரு பிராணி இருப்பதையே கண்டுகொள்ளாத அக்கா, ஆடு சாலைக்கு அந்தப் பக்கம் தலை காட்டினாலே குச்சியை எடுத்தாள்.

ஓட்டுப்பதிவு முடிந்தது, எண்ணி முடித்தார்கள், விதியும் விலகியது. தாசில்தார் இரண்டு ஆட்களோடு வந்தார். தாளை உரிக்க வேண்டும், ஷீட்டையும் கழற்றிக்கொண்டு போக வேண்டும். அக்கா எழுந்து நின்றாள். கத்திரி நடுவில், பாவி மனுஷன், கூரையை எடுத்துக்கொண்டு போகப் போகிறாரே என்று கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

முதலில் தாளை இழுத்தார்கள். நாலு தடவை பூசிய பசை சும்மா விடுமா? தாளோடு மஞ்சள் வந்தது, மஞ்சளோடு நீலம் வந்தது. உறுப்பினர், அதிகாரிகள், ஒப்பந்ததாரர், திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி எல்லாம் பொருக்குப் பொருக்காகக் காலடியில் விழுந்தன. சுவர் மொட்டையாக நின்றது. தாசில்தாருக்கு முகம் வெளுத்துவிட்டது. மூடச் சொன்னதை அழித்துவிட்டால் அதற்கு வேறு விசாரணை உண்டு.

அக்காதான் பேசினாள்.

"எழுத்து எங்கன்னு நாங்க யாரும் கேக்க மாட்டோம் சார். தகரம் எங்கன்னு நீங்களும் கேக்காதீங்க."

அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். தாசில்தார் ஆட்களைக் கூப்பிட்டு, "ஏறுங்க, ஜல்தி" என்றார். ஜீப் போய்விட்டது. போகும்போது ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார், விதிதான் விலகிவிட்டதே.

சாயங்காலம் அக்கா ஒரு டப்பா நீலப் பெயிண்டோடு கடைக்கு வந்தாள்.

"நீதான் எழுதணும்" என்றாள்.

"எழுதறேன்கா. எந்தத் தொகுதின்னு போடறது? இப்ப விழுப்புரம்தான்."

"வார்த்த குடுத்தவரு திண்டிவனத்துக்காரரு. அதையே போடு. அன்னிக்கி நீ எனக்கு எப்பிடிப் படிச்சிக் காட்டினியோ அப்பிடியே எழுது. அஞ்சு வரி."

இத்தனை வருஷம் சாலையைத் தாண்ட முடியாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த அஞ்சாவது வரி... அன்னிக்கி அங்க அப்பிடி எழுதியிருக்கல."

"தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"நாலு வரிய சொவுத்தப் பாத்துப் படிச்ச. அஞ்சாவத என் மூஞ்சியப் பாத்துப் படிச்ச. எனக்குப் படிக்கத்தான் தெரியாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வருகிற மாதிரி இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல், "அப்பறம் ஏன்கா வருசா வருசம் அதுக்குப் பொட்டு வெச்ச?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிறதில்ல? அது மாரிதான்" என்றாள். "போ, இருட்டறதுக்குள்ள எழுது."

எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது, கடைசி வரி கொஞ்சம் மேல்நோக்கி ஏறிவிட்டது. மனைவி வந்து பார்த்துவிட்டு, இல்லாத தொகுதிக்கு நீங்கள் ஒருத்தர்தான் இன்னும் வேலை பார்க்கிறீர்கள் என்றாள். அவளும் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு தேர்தல் வந்தது. அதே தாசில்தார், அதே வெள்ளைத்தாள். பசையைத் தடவிவிட்டுத் தாளைச் சுவரில் வைக்கப் போனவர், ஐந்தாவது வரியை நின்று படித்தார். அக்கா பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் தாளின் அடிப்பக்கத்தைக் கோணாமல் மடித்துக் கிழித்தார். மேலே இருந்த நாலு வரியை மட்டும் மூடிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.